பார்த்துவிட்டு வந்து சொல்

வெளிக்கேட்டின் கொண்டியைப் போட்டபோது மணி நாலு பத்து. பத்து நிமிஷம் போயிற்று, அதை யாரும் திருப்பித் தரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே அஞ்சலாட்சி தெருவில் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை நாலிலிருந்து ஆறரை வரை அவளுக்கு ஓய்வு. மாடியில் குடியிருக்கும் நந்தகோபால் சார் மத்தியானத் தூக்கம் முடித்துக் கீழே இறங்கி, படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அக்காவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால்தான் அவள் செருப்பை மாட்ட முடியும். இன்று அவர் சரியாகத்தான் வந்தார். அக்காதான் விடவில்லை. வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் இன்னொரு தரம் சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார் சந்திரமதியம்மா. இரண்டாவது தெருவில் நீல டிரம் வைத்த மாடித்தோட்டம், பாகற்கொடியில் காய் விட்டிருக்கிறதா. கார்ப்பரேஷன் பூங்காவில் நாகலிங்க மரம், எத்தனை பூ, வாசனை எந்த பெஞ்சு வரைக்கும் வருகிறது. அப்புறம் ரயில்வே கேட் பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒரு பிளேட் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், வாழைத்தண்டு சூப்போடு. "பாத்துட்டு வந்து சொல்லு. சாப்ட்டுட்டு வந்து சொல்லு. அவசர அவசரமா முழுங்காத. போன தடவ புளிப்பு எப்ப வந்துச்சுன்னு கேட்டா முழிச்ச." இத்தனையும் நந்தகோபால் சாரின் காதில் வெறும் ஆ, ஓ, ஈ என்றுதான் விழுந்திருக்கும். செல்போனைப் பார்த்தபடியே, "என்னவாம்?" என்றார். "சீக்கிரம் வரச் சொல்றாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அந்தம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கை, வலது கால், விழுங்கும் தொண்டை, மூன்றும் ஒரே காலையில் போயின. வயிற்றில் ஒரு குழாய். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் வடிகட்டிய கஞ்சியை அதன் வழியாக மெல்ல இறக்கவேண்டும், இறக்கிவிட்டுத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவவேண்டும். நாக்கில் எதுவும் படாது. பேச்சும் குழறிப்போய், மற்றவர்கள் காதில் வெறும் சத்தம்தான். முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசிப் பேசியே சம்பாதித்த வாய். வேலை விட்டு வரும்போது பெரம்பூரில் தெருத்தெருவாகச் சுற்றி, எந்த மதிலுக்குப் பின்னால் என்ன செடி, எந்த வண்டியில் என்ன தீனி என்று தெரிந்துவைத்திருந்தவர். போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே சுண்டல் தின்றேன் என்று அஞ்சலாட்சி சும்மா சொன்னதில் ஆரம்பித்தது இது. என்ன சுண்டல், மாங்காய் போட்டானா, தேங்காய் பல்லா துருவலா, கடைசி வாய் எப்படி இருந்தது. கேட்கக் கேட்க அந்தம்மாவின் இடது கன்னம் மெல்வதுபோல அசைந்தது. அதைப் பார்த்து மனசு கேட்காமல் இவளும் இருந்ததையும் இல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். சொல்லியிருக்கக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது. அப்படித் தோன்றுவதே பாவம் என்றும் தோன்றுகிறது. அன்றிலிருந்து அவள் தன் வாயில் போடுவது எதுவும் தனக்காகப் போட்டதாக இல்லை. பஜ்ஜியைக் கடிக்கும்போதே மேல்மாவு மொறுமொறுப்பு, உள்ளே காய் குழைவு, ஓமம் தெரிந்தது என்று மனசு எழுதிக்கொள்ள ஆரம்பித்துவிடும். தின்று முடித்துக் கையைக் கழுவினால் பசி அப்படியே இருக்கும்.

வெயில் இறங்கவில்லை. பங்குனி வெயில் சிமென்ட் ரோட்டிலிருந்து முழங்கால் வரை ஏறி நின்றது. நாலு வீடு தாண்டியதும் கிளி கத்தியது, அப்படியே நின்றுவிட்டாள். அந்தம்மாவின் இடது கையில் கட்டியிருக்கும் அழைப்பு மணிக்குக் கிளிச் சத்தம். பதினாலு மாசமாக அந்தச் சத்தத்துக்குத்தான் அவள் எழுகிறாள், உட்காருகிறாள், சோற்றைப் பாதியில் மூடி வைக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கவேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தான் தூங்கியது எப்போது என்று யோசித்தாள். பண்ருட்டியில், ஊரைவிட்டு பஸ் ஏறுவதற்கு முன்னால் இருக்கும். இப்போது கத்தியது எவர் வீட்டு வாசல் மணியோ. நீல டிரம் வீட்டுக்கு எதிரே நின்று அண்ணாந்தபோது பின்கழுத்தில் சுரீரென்றது; நேற்று அந்தம்மாவைத் தூக்கி உட்கார வைத்தபோது பிடித்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கொடி தொங்கியது. மஞ்சள் பூ தெரிந்தது, காய் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினால் இலையெல்லாம் காயாகத் தெரிந்தது. மேலேயிருந்து தண்ணீர் தெறித்து முகத்தில் விழுந்தது. லுங்கி கட்டிய ஒருவர் கையில் ஹோஸ் பைப்போடு எட்டிப் பார்த்தார். "ஏம்மா, போன வாரமும் இதே எடத்துல நின்னீங்க. வீடு ஏதும் வாடகைக்குப் பாக்கறீங்களா? இங்க எதுவும் காலி இல்ல." "இல்ல சார். பாவக்கா காச்சிருச்சான்னு பாத்தேன்." "நாங்க விக்கறதில்லையே." "வாங்கறதுக்கு இல்ல சார். தெரிஞ்சிக்கத்தான்." அவருக்கு அது பிடித்துப்போனது போலிருந்தது. "அப்ப மேல வாங்க, காட்றேன். ரெண்டு மாடிதான். வெண்ட இருக்கு, பெரண்ட இருக்கு, ஒரு அத்திகூட வெச்சிருக்கேன்." இரண்டு மாடி என்றால் நாற்பது படி. முட்டி இரண்டும் இங்கேயே வேண்டாம் என்றன. ஏறினால் வெண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும், பிரண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும், அத்தி எத்தனை அடி, இலை சொரசொரப்பா என்று கேள்வி வரும். "இன்னொரு நாளைக்கு வரேன் சார். காய் மட்டும் எத்தனைன்னு சொல்லுங்க." "ஆறு" என்றார் அவர், ஒன்றும் விளங்காமல். ஆறு, ஆறு என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

பூங்காவை அப்போதுதான் திறந்திருந்தார்கள், கூட்டமில்லை. நாகலிங்க மரம் பின்சுவர் ஓரமாக, அடிமரம் முழுக்கக் கொம்பு கொம்பாகக் காம்பு நீட்டிப் பூத்திருந்தது. ஐந்து வரை எண்ணினாள். ஒரு அணில் குறுக்கே ஓடியது, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. உட்கார்ந்து எண்ணலாம் என்று எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாசனை பெஞ்சு வரைக்கும் வந்தது, தித்திப்பாக, கூடவே ஏதோ மருந்துக்கடை நெடி. மருந்துக்கடை என்று சொல்லக்கூடாது, அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். வேறு என்ன மாதிரி என்று சொல்வது? பவழமல்லி மாதிரி என்றால் பேச்சு அங்கே போய்விடும். கார்த்திகையில் ஒருநாள், மூன்றாவது தெரு முனை வீட்டில் பவழமல்லி பூத்திருக்கிறதா என்று பார்த்துவரச் சொன்னார். போனால் வீடே இல்லை. தகரத் தடுப்பும், உள்ளே நட்டுக்கு நிற்கும் கம்பிகளும்தான். "காலைல கொட்டின பூ இன்னும் கெடக்குதும்மா, வாசலெல்லாம் ஆரஞ்சுக் காம்பு" என்று வந்து சொன்னாள். அதோடு விட்டாரா? வீட்டில் யார் இருந்தார்கள், வாசலில் கோலம் இருந்ததா என்று வாராவாரம் விசாரணை. அந்த இல்லாத வீட்டில் இப்போது ஒரு மருமகளும் இரட்டைப் பிள்ளைகளும் வளர்கிறார்கள். போன மாசம் ஒரு பிள்ளைக்குக் காது குத்தியாயிற்று. பிள்ளை என்றதும் இளவரசியின் மூச்சு காதில் கேட்டது. காலையில் போன் செய்திருந்தாள் மகள். "அம்மா, டாக்டரம்மா பதினெட்டாந்தேதின்னு சொல்லிட்டாங்க. நீ எப்ப வர?" "வரேன்டி." "வரேன் வரேன்னுதான் வளைகாப்புலேந்து சொல்ற. எங்க மாமியாரு கேக்கறாங்க, தலப்பிரசவத்துக்குத் தாய் வரமாட்டாளான்னு." அதற்கப்புறம் நிறைமாச வயிற்றோடு விடும் மூச்சு மட்டும் போனில் ஏறி இறங்கியது. அப்போது கிளி கத்தியது, இவள் போனை வைத்துவிட்டாள். மூன்று வாரமாகச் சொல்ல நினைத்துச் சொல்ல நினைத்து, கஞ்சி இறங்கட்டும், துணி மாற்றியாகட்டும், அந்தம்மா கொஞ்சம் சிரிக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வருகிறாள். சொன்னால் நந்தகோபால் சார், ஏஜென்சியில் வேறு ஆள் அனுப்பச் சொல்கிறேன் என்பார். அனுப்புவார்கள். தை மாசம் இவள் காய்ச்சலில் இரண்டு நாள் மாடி அறையில் கிடந்தபோதும் ஒருத்தியை அனுப்பினார்கள். நல்ல பெண்தான், கை சுத்தம். ஆனால் ஒரு மத்தியானம் முழுக்க அந்தம்மா, தலையணை, தலையணை என்று கத்தியிருக்கிறார். அவள் பேசினைக் கொண்டுவந்தாள், விசிறியைச் சுழலவிட்டாள், வலியோ என்று மாத்திரையைக் கரைத்து ஏற்றினாள். மூன்றாம் நாள் இவள் இறங்கி வந்தபோது தலை கட்டில் விளிம்பில் சாய்ந்து, கண்ணோரம் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. "அய-ஆ-ஈ" என்றார் இவளைப் பார்த்ததும். தலைகாணி. வேறு என்ன? அது எப்படி மற்றவர்களுக்கு விழவில்லை? இவளுக்கும் முதல் இருபது நாள் விழவில்லைதான். பிறகு ஒரு காலை, குளித்துவிட்டு வந்து காதில் நின்ற தண்ணீர் சூடாக வழிந்து வெளியேறுமே, அதுபோல் எல்லாச் சொல்லும் திறந்துகொண்டது. அதிலும் ஒரு வம்பு வந்தது. ஏசியைப் போடச் சொல்றாங்க என்று இவள் சொன்ன ஒருநாள், தம்பி சம்சாரம் கல்பனா படிக்கட்டிலேயே நின்று, "இவளுக்கு மட்டும் புரியுதாம். எது அவங்க கேக்கறது, எது இவ கேக்கறதுன்னு யாரு கண்டா?" என்றாள், இவள் காதில் விழும்படியாகவே. அன்று அந்தம்மா நிஜமாகத்தான் கேட்டார். கேட்டாரா? தனக்கு வியர்த்தது, அது உண்மை. இவளுக்கு வியர்த்ததும் அந்தம்மா ஆ என்றதும் ஒரே நேரத்தில் நடந்ததோ? பதினாலு மாசத்தில் இது அந்தம்மாவின் வாய், இது தன் வாய் என்று பிரிக்கும் கோடு எங்கே போயிற்று. எண்ணவேண்டும். ஒன்று, இரண்டு, அந்தக் கிளைக்குப் பின்னால் மூன்று. மைனா ஏதோ கத்தியது, எழுந்திருக்கவேண்டும் என்று நினைத்தாள். மைனாதானே, கிளி இல்லையே என்று நினைத்தாள். நாலு, மருந்துக்கடை என்று சொல்லக்கூடாது, ஆறு காய், ஐந்து, ஐந்து, இடுப்புக்குள் ஏதோ ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்து கொடுத்தது, ஐந்து.

"எம்மா. ஏ, எம்மா." யாரோ தோளைத் தட்டினார்கள். தட்டியதும், "இதோ வந்துட்டேம்மா" என்று எழுந்து நின்றாள். நின்ற இடம் எது என்று தெரியவில்லை. கட்டில் இல்லை, சுவர் இல்லை, எதிரே ஒரு மரம், வெளிச்சம் பழுத்துப்போயிருந்தது. துடைப்பக்கட்டையோடு நின்ற பூங்காத் துப்புரவுக்காரம்மா சிரித்தாள். "நானும் நாலு தபா சுத்தி வந்தேன். ரெண்டாவது தபா மூக்குல கை வெச்சுகூடப் பாத்தேன், இருக்கியா போய்ட்டியான்னு. மூச்சு நல்லா வந்துச்சு, சரி கெடக்கட்டும்னு வுட்டேன். மணி ஆறாச்சு." ஆறு என்றதும் பாகற்காய்தான் முதலில் ஞாபகம் வந்தது. கன்னத்தில் பெஞ்சின் கட்டைவரி அழுந்தியிருந்தது, வாயோரம் ஈரம். ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல். அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று உள்ளே தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, ஒரு கனவுகூட இல்லை. கை கால் எல்லாம் யாரோ கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிவிட்டதுபோல் இருந்தது. அந்தச் சுகம் உடம்பில் இறங்கி முடிவதற்குள் பயம் பிடித்தது. பூவை எண்ணவில்லை. அத்தோ சாப்பிடவில்லை. பூங்கா வாசலுக்குப் பத்து எட்டுதான் தோளில் சுமை இல்லாமல் நடந்தாள்; அதற்குள் பழைய களைப்பு எங்கேயோ காத்திருந்த ஆள் மாதிரி கூடவே நடக்க ஆரம்பித்தது.

ரயில்வே கேட் பக்கம் தள்ளுவண்டியைச் சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். வண்டிக்காரர் கிண்ணத்தில் நூடுல்ஸையும் கோஸையும் போட்டு, புளித்தண்ணியும் பூண்டு எண்ணெயும் ஊற்றி, கையாலேயே பிசைந்து, தட்டையை நொறுக்கித் தூவி நீட்டிக்கொண்டிருந்தார். "அண்ணே, ஒரு பிளேட் சீக்கிரம் கெடைக்குமா?" "லைன்ல நில்லுக்கா. இருவது நிமிசம் ஆவும்." இருபது நிமிஷம் இல்லை. பூண்டு எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியபோது, நாக்கில் சட்டென்று எச்சில் ஊறியது. அந்தம்மாவுக்காக ஊறியதா, தனக்கா என்று ஒரு கணம் கவனித்தாள். தனக்குத்தான். பசித்தது. இத்தனை மாசத்தில் முதல் தடவையாக வெறும் பசி, அதைப் பற்றி யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லாத பசி. ஆனால் நேரம் இல்லை, திரும்பி நடந்தாள். வழியெல்லாம் சோடித்தாள். நாகலிங்கம் ஒன்பது பூ. ஒன்பது வேண்டாம், ஏழு. வாசனை மூணாவது பெஞ்சு வரைக்கும். அத்தோவில் இன்றைக்கு வெங்காயம் பொரித்துப் போட்டான், புளிப்பு கடைசியில் வந்தது, சூப்பில் மிளகு தூக்கல். போன மாசம் சொன்னதும் இதுதானே? அப்போது மிளகு குறைச்சல் என்று சொன்னோமா, தூக்கல் என்று சொன்னோமா. அந்தம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். படுத்துக்கொண்டு வேறு என்ன வேலை, இவள் சொன்னதைத்தானே ஆறு நாள் அசை போடுகிறார். நீல டிரம் வீட்டைத் தாண்டும்போது மேலே யாரும் இல்லை. அந்த ஆறு காய் ஒன்றுதான் நிஜம், அதையும் பார்க்கவில்லை, கேட்டது.

நந்தகோபால் சார் வாசலிலேயே செருப்பு மாட்டி நின்றார். "ஆறே முக்கால் ஆச்சு அஞ்சலாட்சி. எனக்கு ஒரு எடத்துக்குப் போவணும்." "மன்னிச்சுக்குங்க சார்." உள்ளே போய்க் கையைக் கழுவிக்கொண்டு கட்டிலருகே நின்றாள். சந்திரமதியம்மாவின் கண் இவள் முகத்திலேயே இருந்தது. "என்ன சாப்ட்ட?" என்றார். எல்லாம் கோத்துத் தயாராகத்தான் வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் ஒரு முத்துகூட உருளவில்லை. பொய் சொல்ல ஒரு தெம்பு வேண்டும், அது இன்றைக்கு அவளிடம் இல்லை. "ஒண்ணும் சாப்டலம்மா. பார்க்குல ஒக்காந்தேன், தூங்கிட்டேன்." திட்டப்போகிறார் என்று நினைத்தாள். அந்தம்மா, "எப்படி இருந்துச்சு?" என்றார். "எதும்மா?" "தூக்கம். சொல்லு." மனசு எழுதிக்கொள்ளாமல் நடந்த ஒன்றைப் பற்றி எப்படிச் சொல்வது. "அஞ்சு பூ எண்ணுனேன். அஞ்சாவதுல போய்ட்டேன். கனாகூட வரல. எச்சி ஒழுகிருக்கு, அதுகூடத் தெரியல. யாரோ வந்து மூக்குல கை வெச்சுப் பாத்தாங்களாம். எழுந்தா ஒடம்பு எனக்குன்னு இருந்துச்சும்மா, கொஞ்ச நேரம்." அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்" என்றார். பவழமல்லி வீட்டைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, அதே குரலில், ஏதோ பூங்காவில் பார்த்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்: "எம்பொண்ணுக்குப் பதினெட்டாந்தேதின்னு சொல்லிருக்காங்க. நான் போவணும்மா. வியாழக்கெழம பஸ் ஏறணும்."

மூடிய கண் திறக்கவில்லை. அஞ்சலாட்சி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். தையில் வந்த அந்தப் பெண், தலையணை, கண்ணோரத்து உப்பு எல்லாம் வரிசையாக வந்தன. வாபஸ் வாங்கிக்கொள்ளலாம், இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, அது யார் குரல் என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்போது கிளி கத்தியது. அவள் பக்கத்திலேயே நிற்க, அந்தம்மாவின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியது. விட்டுவிட்டு மறுபடி அழுத்தியது. வாசலுக்குப் போன நந்தகோபால் சார் செருப்போடு திரும்பி வந்தார். "நீதான் நிக்கறியே, அப்புறம் எதுக்கு மணி?" சந்திரமதியம்மா தம்பியைப் பார்த்து, மூச்சை இழுத்து, "ஓ... அட்டும்" என்றார். அஞ்சலாட்சிக்கு முதல் எழுத்திலேயே விழுந்துவிட்டது. "என்ன சொல்றாங்க?" என்று அவர் இவளைக் கேட்டார். பதில் நுனிநாக்கில் நின்றது. இதை இவள் வாயால் சொன்னால், இவளே கட்டிச் சொன்னதாக ஆகும். மாடியில் கல்பனா என்ன சொல்வாள் என்று இங்கிருந்தே கேட்டது. "நீங்களே கேளுங்க சார்" என்றாள். அவர் எரிச்சலோடு குனிந்தார். "கட்டிலா? கட்டிலத் தூக்கணுமா?" தலை இல்லை என்று அசைந்தது. "ஓ... அட்டும்." "ஒட்டுதா? எது, முதுகுல துணி ஒட்டுதா?" இல்லை. அந்தம்மாவின் நெற்றியில் நரம்பு புடைத்தது. அஞ்சலாட்சி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிடத் துடித்த தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "மெதுவா சொல்லுக்கா. நான் எங்கயும் போகல." மூன்றாவது தரம் சொன்னபோது அவர் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், தன் உதட்டையும் கூடவே அசைத்து அசைத்து. "ஓ... போ... போகட்டும். போகட்டும்னா சொல்ற?" இடது கண் ஆமாம் என்று இறுக மூடித் திறந்தது. "யாரு போகட்டும்? எங்க போகட்டும்?"

அதை அவர் அஞ்சலாட்சியைப் பார்த்துக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக ஒதுக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதை அக்காவின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சந்திரமதியம்மா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.